பஞ்சா போட்ட கை

“தூக்குங்க பாய்.”

“தூக்கிகினுதான் கீறேன் மேடம்.”

எங்கே தூக்குகிறார்? கை மேசைமேல் கிடந்தது. மாவுக்கட்டு பிரித்து இரண்டு நாள் ஆன கை. தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது. பஞ்சும் வியர்வையும் சேர்ந்த அந்தப் புளித்த வாசனை, கட்டுப் பிரித்த கையைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நான் கேட்டது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மணிக்கட்டை மேசையிலிருந்து இரண்டு விரற்கடை மேலே தூக்க வேண்டும். ஜாபர் பாய் பல்லைக் கடித்தார். மூச்சைப் பிடித்தார். தோள் காதுவரை ஏறியது. கழுத்து புடைத்தது. கை மட்டும் தூங்கிக்கொண்டே இருந்தது.

 இந்தக் கைக்கு நடந்த ஆபரேஷனுக்கு அவரை ஒத்துக்கொள்ள வைத்தது சர்ஜன் இல்லை, நான்.

போன வாரம் நான் பிஸியோதெரபி படிக்கப் போன கதையைப் படித்துவிட்டு, “அப்படியென்றால் மசாஜ்தானே அம்மா?” என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார். ஐயா, இந்த வாரத்தையும் படித்துவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

பீச்சாங்கையால் வந்த சீட்டு

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். அப்பாவுக்கு அணுமின் ப்ளான்ட்டில் வேலை, அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். எனக்குச் செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் முதல் வேலை. திருக்கழுக்குன்றம் வழியாக வருகிற பஸ்ஸில் தினமும் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வருவேன்.

என் டிபார்ட்மென்ட் என்பது ஒரே ஒரு அறை. சுவரில் ஒரு சக்கரம், மூலையில் மணல் பைகள், ஒரு கட்டில், ஒரு மரமேசை. அப்புறம் குப்பம்மா. பெயருக்கு ஆயா, நடப்பில் அந்த அறையின் கலெக்டர். என்னை யாரும் டாக்டர் என்றும் கூப்பிட மாட்டார்கள், சிஸ்டர் என்றும் கூப்பிட மாட்டார்கள். ‘எக்ஸசைஸ் மேடம்’ என்று குப்பம்மாதான் பெயர் வைத்தாள்.

ஜாபர் பாய் முதல் தடவை வந்தபோது சீட்டை இடது கையால் நீட்டினார். நீட்டியவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டு சீட்டை மேசைமேல் வைத்தார்.

“பீச்சாங்கையால குடுக்கறேன்னு தப்பா நெனச்சுக்காத மேடம். சோத்தாங்கை படுத்துகினு கீது.”

வயது முப்பதுக்குள்தான். வாட்டசாட்டமான ஆள். வலது கை மணிக்கட்டிலிருந்து கீழே தொங்கியது, விரல்கள் பாதி மடங்கியபடி. திருப்போரூரில் ஒரு பாய் கடையில் பரோட்டா மாஸ்டர். பரோட்டா மாஸ்டருக்கு மணிக்கட்டு போனால் அப்புறம் என்ன இருக்கிறது?

ஆனால் அவர் முதலில் அழுதது வேலைக்காக இல்லை. “யாருக்கும் கையால ஒண்ணு எடுத்துக் குடுக்க முடியல மேடம். ஸ்பூனுலதான் சோறு. அதுவும் யாரும் இல்லாதப்போ. பீச்சாங்கையால துன்னறத யாராவது பாத்துட்டா பேஜாரா கீது” என்றார். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.  அன்றைக்கு வேறு எதுவும் கேட்காமல் கையை அளந்து எழுதிக்கொண்டேன்.

எலும்பை உடைத்தது யார்?

எப்படி விழுந்தார் என்று அடுத்த முறை கேட்டேன். விழவே இல்லையாம். பஞ்சா போட்டாராம், கையோடு கை கோத்து மேசையில் சாய்க்கிற போட்டி.

திருப்போரூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். முருகன் கோயில் ஊர் அது. கந்த சஷ்டி ஆறு நாளும் ஊரே விரதம். பாய் கடையில் அந்த ஆறு நாளும் ஈ ஓட்டுவார்கள். ஆறு நாள் வாயைக் கட்டினவர்கள் விரதமெல்லாம் முடிந்த மறுநாள் கடைக்கு வருவார்கள் பாருங்கள், அன்றைக்கு உட்கார இடம் கிடைக்காது. வருஷத்திலேயே பெரிய வியாபாரம் அந்த ஒரு நாள்தான். அன்றைக்குக் கல்லில் நிற்கிறவன்தான் மாஸ்டர்.

அப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், டீ குடிக்க வந்த லாரி டிரைவர் ஒருவர், “மாஸ்டரு கையில பலம் கீதா, இல்ல சும்மா உப்பி கீதா?” என்று கேட்டுவிட்டார். போதாதா? பரோட்டா வீசுகிற மேசையிலேயே முழங்கையை ஊன்றி இருவரும் பஞ்சா போட்டார்கள்.

“நான்தான் ஜெயிச்சுகினு இருந்தேன் மேடம். படார்னு ஒரு சத்தம். மேசை ஒடஞ்சிச்சுன்னு நெனச்சேன்.”

உடைந்தது மேல்கை எலும்பு. உடைத்தது லாரி டிரைவர் என்றுதான் கடையில் எல்லோரும் திட்டினார்கள். பாதிதான் உண்மை. மார்பிலிருந்தும் தோளிலிருந்தும் வந்து மேல்கையில் ஒட்டுகிற தசைகள் எலும்பை உள்பக்கமாகத் திருகுகின்றன. எதிராளி முன்கையை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறார். நடுவில் மாட்டிய எலும்பு, பிழிகிற துணி மாதிரி முறுக்கிக்கொண்டு உடைகிறது. ஜாபர் பாயின் பலம்தான் ஜாபர் பாயின் எலும்பை உடைத்தது.

“அப்ப நான் தோக்கல” என்றார், இதை நான் சொன்னதும். ஆறு மாதமாக அந்தக் கவலையும் இருந்திருக்கிறது!

எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் அந்த எலும்பை ஒட்டிச் சுற்றி ஒரு நரம்பு போகிறது. மணிக்கட்டைத் தூக்கவும் விரலை விரிக்கவும் சேதி கொண்டுபோவது அதுதான். பெரும்பாலும் சில மாதத்தில் விழித்துக்கொள்ளும். இவருக்கு விழிக்கவில்லை. கரண்ட் வைத்துப் பார்த்தோம், காத்திருந்தோம், மறுபடி பார்த்தோம். கடைசியில் சர்ஜன், “தசையை இடம் மாத்திடலாம்” என்றார். அவர் எப்போதுமே நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். மீதியை நான்தான் பேச வேண்டும்.

பேப்பரில் மடித்த கோழிக்கால்

ஜாபர் பாய் பேச்சில் மசிகிற ஆள் இல்லை. “நல்லா கீற எடத்துலேந்து அறுத்து, கெட்டுப்போன எடத்துல ஒட்டினா, நல்லா கீறதும் கெட்டுப்பூடாதா?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது.

படம் வரைந்து காட்டினேன். தலையை ஆட்டினார், நம்பவில்லை. மறுநாள் அம்மாவிடம் கேட்டு இரண்டு கோழிக்காலைப் பேப்பரில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மோப்பம் பிடித்துவிட்டு எழுந்து போனார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்கு உட்கார இடம் கிடைத்தது.

நீங்களும் சின்ன வயதில் செய்திருப்பீர்கள். வெட்டின இடத்தில் வெள்ளையாக நார் தெரியும். பின்பக்கத்து நாரை இழுத்தால் நகம் மடங்கும். முன்பக்கத்து நாரை இழுத்தால் விரியும். குவார்ட்டர்ஸில் இதை வைத்துப் பக்கத்து வீட்டுப் பெண்களை ஓட ஓட விரட்டியிருக்கிறேன். அவர்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது. அப்பாவுக்குப் புகார் வந்தது.

“பாத்துக்கோங்க பாய். தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும். தள்ளத் தெரியாது. மடக்க ஒண்ணு, விரிக்க ஒண்ணு, அதனாலதான் முன்னால பின்னால ரெண்டு பக்கமும் வெச்சிருக்கு.”

தசை அப்படியே சதையாகப் போய் எலும்பில் ஒட்டுவதில்லை. முனையில் வெள்ளையாக, கெட்டியாக, கயிறாக மாறுகிறது. தசைநாண் என்று அதற்குப் பெயர். ஒரு முனை ஓர் எலும்பில் இருக்கும். மறுமுனை மூட்டைத் தாண்டிப் போய் அடுத்த எலும்பில் இறங்கியிருக்கும். தசை சுருங்கும்போது தாண்டிப்போய்ப் பிடித்த எலும்பு நகரும். கண் சிமிட்டுவது மாதிரி சில வேலைகளை விட்டுவிடுங்கள், ஓடுவது, உட்காருவது, பரோட்டா வீசுவது எல்லாம் இவ்வளவுதான். விரலை மடக்குகிற பெரிய தசைகள்கூட விரலில் இல்லை. முழங்கைக்குக் கீழே இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கை விரலை ஆட்டிப் பாருங்கள், உள்ளே ஓடுவது தெரியும்.

“இப்ப இந்தப் பின்பக்கத்து நாரை அவிழ்த்து முன்பக்கம் கட்டிட்டா? மடக்கின தசையே விரிக்கும். அதுக்கு எந்தப் பக்கம்னு கவலை இல்ல. அது இழுக்கும், அவ்வளவுதான்.”

“மடக்கறதுக்கு ஆள் வாணாமா?”

“அதுக்கு உள்ள இன்னும் ஆளுங்க இருக்காங்க.”

கட்டைவிரலுக்கு எடுக்கப்போகிற நாரையும் காட்டினேன். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நுனியில் தொட, மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்கினால் நடுவில் ஒரு கயிறு எழும்பும். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது, ஒரு குறையும் தெரியாது. குப்பம்மா உடனே செய்து பார்த்தாள். அவளுக்கு இல்லை. “அதான் எனக்கு வேல செய்யவே மனசு வரல” என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஜாபர் பாய் கோழிக்காலைத் தன் இடது கையில் வாங்கி, பல்லால் ஒரு நாரைக் கடித்து இழுத்தார். நகம் மெதுவாக விரிந்தது. 

“சரி மேடம். உன்ன நம்பி வரேன்.”

அந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. உள்ளங்கையைக் கீழே பார்க்கத் திருப்புகிற தசையை எடுத்து மணிக்கட்டைத் தூக்குகிற நாரில் தைத்தார் சர்ஜன். மணிக்கட்டை மடக்குகிற ஒன்றை விரல்களுக்கு. அந்த மெல்லிசுக் கயிறு கட்டைவிரலுக்கு. நாலு வாரம் மாவுக்கட்டு. “மாவு மாஸ்டருக்கு மாவுக்கட்டு” என்று கடையில் எல்லோரும் சிரித்தார்களாம்.

நான் திருப்போரூருக்கே போய் முதலாளியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். தையல் புதுசு, வெயிட் பட்டால் பிய்ந்துவிடும், மூன்று மாதத்துக்கு இவர் மாவு, மேசை, கல் எந்தப் பக்கமும் தலைவைத்துப் படுக்கக் கூடாது. முதலாளி பயந்துபோய்விட்டார். ஜாபர் பாய் மேசைப் பக்கம் திரும்பினாலே கடையில் இருக்கிற அத்தனை பேரும், “ஏய், எக்ஸசைஸ் மேடம் சொல்லிகீறாங்க!” என்று கத்துவார்களாம். அவரை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டார்கள். கல்லில் மதுரையிலிருந்து வந்த ஒருவர் நின்றார்.

கட்டுப் பிரித்த பிறகு, பயிற்சிக்குக் கழற்றி மாட்டுகிற ஒரு தாங்குபட்டை மட்டும். தினமும் வருவார். “உள்ளங்கையைக் கீழே திருப்பற மாதிரி நினைங்க, மணிக்கட்டு தானா மேல வரும்” என்பேன். பழைய வேலையை நினைத்தால் தசை இழுக்கும், இழுத்தால் புது இடம் நகரும். புத்தகத்தில் அப்படித்தான். இவரோ ‘திருப்பு’ என்றதும் கையில் இருக்கிற எல்லாத் தசையையும் ஒரே நேரத்தில் இறுக்கினார். முன்னால் இழுக்கிறதும் பின்னால் இழுக்கிறதும் சேர்ந்து இழுத்தால் கை எங்கே போகும்? ரப்பர் பந்து கொடுத்தேன். துண்டைச் சுருட்டிக் கொடுத்தேன். அதட்டினேன். கெஞ்சினேன்.

இரண்டு வாரம் போனது.

சர்ஜன் வந்து பார்த்தார். தொட்டார், அழுத்தினார். “புதன்கிழமை பார்க்கிறேன். அப்பவும் வரலைன்னா திறக்கணும்.” தையல் விட்டுப்போயிருக்கிறதா என்று மறுபடி கையைக் கிழித்துப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

ஜாபர் பாய் என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். திட்டவில்லை. “சஷ்டிக்குள்ள வந்தா உன் கல்லு உனக்கு, இல்லாங்காட்டி மதுரைக்காரன நெலயா வெச்சிக்கறேன்னு மொதலாளி சொல்ட்டாரு. அவரு மேல தப்பு இல்ல” என்று மட்டும் சொன்னார். சஷ்டிக்கு இரண்டு மாதம்கூட இல்லை. மறுபடி திறந்தால் அந்த வருஷம் போச்சு. அன்று பஸ்ஸில் அழுதேன். அழுகைக்குக் காரணம் பரிதாபம் மட்டும் இல்லை, கோபமும்தான். நான் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

ஈரக் கர்சீப்

திங்கட்கிழமை. ஜாபர் பாய் மேசையில் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குப்பம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அறையில் யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

“பரோட்டா கத்துக்க எத்தினி நாள் ஆச்சு பாய் உனக்கு?”

“மாவத் தொடவே ரெண்டு மாசம் வுடலியே. மாவு வேஸ்ட் ஆவும்னு ஈரத்துணியக் குடுத்து, இத்த வீசுடான்னாங்க. நாள் பூரா ஈரத்துணிய அடிச்சிகினே கெடந்தேன்.”

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

என் தப்பு அந்த நிமிஷத்தில் எனக்கு விளங்கியது. உள்ளங்கையைத் திருப்புவது என்று ஒரு வேலையை ஜாபர் பாய் ஆயுசில் செய்ததே இல்லை. அவர் வீசியிருக்கிறார். நின்றுகொண்டு, ஓரத்தைப் பிடித்து, தூக்கி, அடித்திருக்கிறார். அப்போது வலது உள்ளங்கை ஆயிரம் தடவை கீழே திரும்பியிருக்கும், அவருக்கே தெரியாமல். அந்தத் தசைக்குத் தெரிந்த ஒரே பாஷை அது. அந்த ஒன்றைத்தான் நான் ஊரைக் கூட்டித் தடுத்து வைத்திருக்கிறேன்! மாவின் கனம்தான் ஆகாது. வீச்சு என்ன பாவம் செய்தது?

என் கர்சீப்பை வாளியில் நனைத்துப் பிழிந்தேன். கனமே இல்லாத துணி.

“எழுந்து நில்லுங்க பாய். இதை வீசுங்க. மெதுவா.”

“மேடம், நீதான மாவுப் பக்கமே…”

“இது மாவா? கர்சீப். வீசுங்க.”

மேசைமேல் தண்ணீரைத் தடவினார். எண்ணெய் தடவுகிற பழக்கம். துணியின் ஓரத்தை இடது கையால் பிடித்தார், வலது கையின் வளைந்த விரல்களில் மறு ஓரத்தைச் சொருகினார். கால்களைக் கொஞ்சம் அகட்டினார். அதுவரை நான் பார்த்த நோயாளி அங்கே இல்லை, மாஸ்டர் நின்றார்.

சட்.

ஒன்றும் இல்லை. சட். ஒன்றும் இல்லை. நாலாவதோ ஐந்தாவதோ, துணி மேலே போகும்போது வலது மணிக்கட்டு எழும்பியது. ஒரு விரற்கடை. நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

“பாய்! கையைப் பாருங்க!”

பார்த்தார். பார்த்ததும் விழுந்துவிட்டது. மறுபடி பல்லைக் கடித்தார், தோள் ஏறியது, எல்லாம் இறுகியது.

“ஐயோ, பாக்காதீங்க! நான் சொன்னது தப்பு, பாக்கவே பாக்காதீங்க!”

குப்பம்மாதான் புத்திசாலி. தரை துடைக்கிற துணியைப் போட்டுவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள். “அத்த வுடு பாய். சால்னாவுக்கு இன்னா போடுவ? எனக்கு மட்டும் தண்ணியா பூடுது.”

“கசகசா அரைக்கணும்…” சட். “தேங்காகூட சேத்து…” சட். “முந்திரி கெடச்சா போடு, இல்லாங்காட்டி தேவயில்ல…” சட்.

கசகசாவுக்கு எழும்பியது. தேங்காய்க்கு எழும்பியது. பட்டை, கிராம்பு, சோம்பு எல்லாவற்றுக்கும் எழும்பியது. துணியை விடுகிற நேரத்தில் விரல்கள் விரிந்தன.  சால்னா இறக்குகிறவரை என் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, துடைக்கக் கர்சீப்தான் இல்லை.

புதன்கிழமை சர்ஜன் வந்தபோது ஜாபர் பாய் குப்பம்மாவுக்குச் சமையல் சொல்லிக்கொண்டே நின்றபடி ஈரத்துணி வீசிக்கொண்டிருந்தார். சர்ஜன் தையல் இருந்த இடத்தில் விரல் வைத்து, உள்ளே தசை இழுப்பதைத் தொட்டுப் பார்த்தார். “என்ன சமையல்?” என்றார். வெளியே போகிற வழியில் என் தோளில் ஒரு தட்டு தட்டினார். அந்த ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அது போதும்.

விரதம் முடிந்த மறுநாள்

அப்புறம் வேலை சுலபம். துணிக்குப் பிறகு இரண்டு துணி, அப்புறம் சின்ன உருண்டை, அப்புறம் பெரிய உருண்டை. மூன்றாவது மாதம் நானே திருப்போரூருக்கு ஆள் சொல்லி அனுப்பினேன், “மேசைக்கு விடலாம்” என்று.

அந்த வருஷச் சஷ்டி முடிந்த மறுநாள் மத்தியானம் நானும் குப்பம்மாவும் போனோம். கடை வாசலில் கூட்டம் நெட்டித் தள்ளியது. விரதம் முடித்தவர்களின் பசி அது. உள்ளே ‘இங்கே அரசியல் பேசக் கூடாது’ என்ற பலகைக்குக் கீழே புதுசாக ஒரு பலகை மாட்டியிருந்தார்கள்: ‘இங்கே பஞ்சா போடக் கூடாது’.

கல்லில் இரண்டு பேர். மதுரைக்காரரையும் முதலாளி அனுப்பவில்லை. அவர் சுட்டுக்கொண்டிருந்தார், ஜாபர் பாய் வீசிக்கொண்டிருந்தார். பழைய வேகம் இல்லை, பத்துக்கு ஏழு இருக்கும். மணிக்கட்டு ஒவ்வொரு வீச்சுக்கும் எழும்பியது. அவர் அதைப் பார்க்கவில்லை. யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் வீச்சை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சப்ளை ஆள் எங்கள் இலையில் பரோட்டா வைக்க வந்தான். அவனைத் தடுத்து நிறுத்தினார். தட்டிலிருந்து ஒரு பரோட்டாவைத் தானே எடுத்தார். என் இலைக்கு மேல் கொண்டுவந்தார். மணிக்கட்டு நிமிர்ந்தது, ஐந்து விரலும் விரிந்தன, பரோட்டா ஆவியோடு இலையில் விழுந்தது.

“சோத்தாங்கை மேடம்” என்றார். “சூடா சாப்டு.”